நூறாவது ஆள்

சளிக்காய்ச்சலுக்கு முதியோருக்குப் போடும் கூடுதல் தடுப்பூசியால் பலன் உண்டா என்று கண்டறிய, எங்கள் சுகாதார அலுவலகத்தில் ஒரு தனிப்பிரிவு விமரிசையாக நிறுவப்பட்டது. அதிகாரிக்கு அறுபது முடிந்துவிட்டது. ஆய்வு முடியும்வரை பணி நீட்டிப்பு. தட்டச்சுக்கு நான்.

ஆய்வு என்றால் ஒப்பிட வேண்டுமே. போட்டுக்கொண்டவர்கள் நூறு பேர், போடாதவர்கள் நூறு பேர். முதல் பட்டியல் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. ஊசியே வேண்டாம் என்பவர்கள் தொண்ணூற்றொன்பது பேர்தான் அகப்பட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, முதல் பட்டியலில் இருந்த தையற்காரர் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. மாடிப்படி ஏறிய இரைப்பு பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை. இவளுக்கும் போட்டுவிடுங்கள், பயமாக இருக்கிறது என்றார் தையற்காரர்.

"எல்லாரும் போட்டுக்கிட்டா யாரை வச்சுங்க ஒப்பிடுறது? அம்மா, நீங்கதான் எங்களுக்கு நூறாவது ஆள்," என்றார் அதிகாரி.

அம்மாவுக்கு நன்றிக் கடிதம் கொடுத்தனுப்பினோம். மீதி மருந்தை, ஆய்வு முடிந்ததும் போடலாம் என்று குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

மூன்றாம் வாரம் அம்மா மருத்துவமனையில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அதே வீட்டில், அதே சளிக்காய்ச்சல், ஊசி போட்டிருந்த தையற்காரரை இரண்டு நாள் தும்மலோடு விட்டுவிட்டது. எவ்வளவு தெளிவான சான்று! மேலிடம் அதிகாரியைப் பாராட்டி ஆய்வை நீட்டித்தது. கூடவே அவரும் நீண்டார். அந்தப் பாராட்டை நகலெடுக்க எனக்குக் கை கூசியது. ஆனாலும் எடுத்தேன்.

உடம்பு தேறி மூன்று மாதம் கழித்து அம்மா கணவரோடு மறுபடி படியேறி வந்தார். உங்களுக்குப் போட்டால் பட்டியலில் ஓர் ஆள் குறையும் என்று அதிகாரி இருமிக்கொண்டே விளக்கினார்.

"உங்களுக்குப் போட்டாச்சா தம்பி?" என்று அம்மா அவரைக் கேட்டார்.

"ஆய்வு பண்ற வேலையில எனக்கு எங்கம்மா நேரம்?"

"அப்ப போடலை. அறுபதும் ஆச்சு. என் இடத்துல நீங்க இருந்துக்குங்க."

விதிகளைப் புரட்டினோம். தடையேதும் இல்லை. நூறாவது வரியில் அதிகாரியின் பெயரைத் தட்டினேன். அன்று ஒரு பிழைகூட வரவில்லை.

அம்மாவுக்கு ஊசி போட வந்த செவிலியர் குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அத்தனையும் முந்தின நாளோடு காலாவதி.

மனைவியின் கையைப் பிடித்தபடி தையற்காரர் ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்தக் காலாவதித் தேதியை வாராவாரம் இருப்புப் பதிவேட்டில் தட்டச்சு செய்தவன் நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.