பால் காய்ச்சப் போன பீரோ

என் கைராசிமேல் யாருக்காவது சந்தேகம் இருந்தால், ஊட்டி காந்தலுக்குப் போய்ப் பார்க்கலாம். நான் பால் காய்ச்சி வைத்த வீடு ஒன்று அங்கே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருக்கிறது. சீசனில் ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. "உள்ளே நுழைந்ததுமே மனசுக்கு ஒரு நிம்மதி" என்று யாரோ ஒருவர் நெட்டில் ஐந்து ஸ்டார் வேறு போட்டிருக்கிறார். (போடுவீங்க சாமி, போடுவீங்க. அந்த நிம்மதிய உள்ள வச்சுட்டு வெறுங்கையோட வந்தவளுக்கு ஒரு ஸ்டாராவது போட்டீங்களா?)

நான் திருநங்கை. பெயர் சுகந்தி. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவள், ஊட்டியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்ததும் மகாராணி மாதிரி மலையேறினேன். ஊட்டி குளிரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாடகையைக் கேட்டால் வேர்க்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஹோட்டலில் வேலை கொடுத்தார்களே தவிர, தங்க இடம் கொடுக்கவில்லை. என்னை லேடீஸ் குவார்ட்டர்ஸில் போடுவதா ஜென்ட்ஸ் குவார்ட்டர்ஸில் போடுவதா என்று மேனேஜர் ரொம்ப யோசித்து, "நீங்க வெளிய பாத்துக்கங்க" என்று முடித்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் உள்ளூர் விலாசம் ஒன்று கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. திரும்பிப் போகலாம் என்றால் போக வீடு வேண்டுமே. ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுக்க எங்கப்பா காட்டிய சுறுசுறுப்பை அவர் வாழ்க்கையில் வேறு எந்தக் காரியத்திலும் காட்டியதில்லை.

வீடு தேட ஆரம்பித்தேன். போனில் என் குரலைக் கேட்டு "சொல்லுங்க சார்" என்பார்கள். நேரில் போய் நின்றால் "வாங்க மேடம்" என்பார்கள். அப்புறம் பார்வை மெதுவாக என் தொண்டைக்கு வரும். வந்ததும், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு அந்த நிமிஷமே யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். ஊட்டியில் வீடுகள் அவ்வளவு வேகமாக நிரம்பியதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறேன். லாட்ஜ்காரன் சீசன் ரேட்டைத் தினம் ஏற்றிக்கொண்டிருந்தான். என் சாமான்கள் லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. அதில் முக்கியமானது என் இரும்பு பீரோ. சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. உள்ளே புடவை இருக்கிறது என்று யாருக்கும் பயப்படாமல் நான் பூட்டிய முதல் பீரோ.

அப்படி அலைந்த ஒரு வியாழக்கிழமை, காந்தலில் அந்த வீட்டைப் பார்த்தேன். புதுப் பெயிண்ட், கேட்டில் 'வாடகைக்கு' போர்டு. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், நெற்றி நிறையத் திருநீறு.

"வாங்கம்மிணி, வாங்க! உங்கள மாதிரி ஒருத்தரத்தான் ரெண்டு நாளாத் தேடிட்டிருக்கறனுங்க!"

அம்மிணி! அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ஊட்டியில் அதுவரை எந்த வீட்டுக்காரரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சமையலறை, கீசர், ஜன்னலுக்கு வெளியே கேரட் தோட்டம் என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார்.

"ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றேன்.

"உங்களுக்குப் புடிச்சாப் போதுமுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாளு. காத்தால வந்து பால் காய்ச்சிருங்க."

"அட்வான்ஸ் எவ்வளவுங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! நாங்கதான் உங்களுக்குக் குடுக்கோணும்."

மூளை என்று ஒன்று இருக்கிற எந்த ஜீவனும் அந்த இடத்தில் சுதாரித்திருக்கும். குடி வருகிறவளுக்கு வீட்டுக்காரர் பணம் கொடுக்கிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது? நானோ, 'மலை ஜனங்க தங்கமுடா சாமி' என்று கண் கலங்கியபடி லாட்ஜுக்குத் திரும்பி, அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டேன். (முடிச்சிட்டேன்னு பெருமையா வேற சொன்னேன், அந்த ரூம் பையன்கிட்ட.)

மறுநாள் காலை ஸ்டாண்டில் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பிடித்தேன். டிரைவர் அரவேணு என்கிற ஊர்க்காரர், பெயர் முருகேசன். பீரோவைத் தனியாளாகத் தூக்கி ஏற்றி, "குடி போறீங்களாக்கும், நல்லதுங்க" என்றார். நானும் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் பால் பாக்கெட் என்று முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

காந்தலில் போய் இறங்கினால், ஒரு கல்யாணக் கூட்டமே நின்றது. வீட்டுக்காரரின் மனைவி ஆரத்தி எடுத்தார். வலது காலை வைத்து நான்தான் முதலில் நுழைந்தேன். கிழக்கே பார்த்து அடுப்பை மூட்டினேன். பால் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைகளை என் காலில் விழவைத்தார்கள். தேங்காய், ஜாக்கெட் துணி, மேலே ஒரு நோட்டு என்று என் கையில் வைத்தார்கள். வாடகைக்கு வருகிறவளுக்கு இவ்வளவா! என்னைப் பெற்றவர்கள் ஒருநாள்கூட இப்படி வாசலில் நின்று வரவேற்றதில்லை. வாசலுக்கு வந்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"முருகேசண்ணா, பீரோவ எறக்குங்க!"

பீரோ நிலைவாசலில் பாதி நுழைந்து மாட்டிக்கொண்டது.

"இது என்னதுங்க அம்மிணி?" என்றார் வீட்டுக்காரர்.

"என்ர பீரோங்க."

"பீரோ இங்க எதுக்குங்க?"

"துணி வைக்கங்க."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்போதுதான் அவர் விளக்கினார். அது டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிற காட்டேஜ். அன்றைக்குத் திறப்பு. எங்களை மாதிரி ஆட்கள் கையால் பால் காய்ச்சினால் ராசி என்று அவருடைய மச்சான் சொல்லியிருக்கிறார்.

"வாடகைக்குன்னு போர்டு இருந்துச்சேங்க?"

"அது கீழ் போர்ஷனுக்குங்க."

"அப்ப அதக் குடுங்க. ஒழுங்கா வாடகை குடுப்பனுங்க."

"அது வேறங்க அம்மிணி. நாலு குடும்பம் இருக்கற எடமுங்க. பொம்பளப் புள்ளைக இருக்குதுங்க."

அந்தப் பொம்பளப் பிள்ளைகள்தான் சற்று முன் என் காலில் விழுந்து எழுந்தவை. என் கை பட்ட பாலை எல்லோரும் டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. முருகேசண்ணன் பீரோவை வெளியே இழுத்தபோது வீட்டுக்காரர் பதறிப்போனார். "பாத்துங்க, பாத்துங்க!" என்றார். எனக்கு இல்லை, பெயிண்ட்டுக்கு.

அவர் மனைவி பின்னாலேயே கேட்டுவரை வந்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. சாபம் கீபம் உட்றாதீங்க." பனியனில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும். சாபம் விடத் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பித்திருப்பேனே! அந்த நோட்டை வீட்டுக்காரர் முகத்தில் விட்டெறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. வண்டி வாடகைக்கு ஆகும் என்று ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வண்டியில் ஏறியதும் முருகேசண்ணன், "எங்கீங்க போறது?" என்றார். பட்டுப்புடவையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் வண்டியை நேராக அரவேணுவுக்கு ஓட்டினார். அவர் வீட்டுக்குப் பின்னால் உர மூட்டை போட்டிருந்த ஒரு அறை இருந்தது. அவர் மனைவி சரசு இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். தொண்டையையும்தான் பார்த்தாள்.

"வாடகை மாசாமாசம் கரெக்டா வந்துருமா?"

ஊட்டி மலையில் ஒருத்தர் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. தலையாட்டினேன்.

"பாலு காய்ச்சோணுமே?"

"காய்ச்சியாச்சுங்க" என்றேன். "வேற ஊட்டுல."

சரசு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை அரவேணு விலாசத்தைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். இன்றைக்கும் இரண்டு பஸ் மாறித்தான் போகிறேன். அந்த அறையில் மழை ஒழுகும். அதற்கு சரசு வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்ததில்லை. பீரோவின் ஓரத்தில் அந்தக் காந்தல் வீட்டின் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் அந்த வீட்டுக்காரர் போன் செய்தார். நம்பரை எங்கே பிடித்தாரோ! "அம்மிணி, உங்க கைராசியில ரெண்டாவது காட்டேஜும் கட்டியாச்சுங்க. வர்ற வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நீங்கதான் வரோணும்."

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் எழுத முடியாது. அதற்குள் சரசு போனைப் பிடுங்கிவிட்டாள்.

"வருவாங்க, வருவாங்க. ஆனா பீரோவோடதான் வருவாங்க. வாசலு அகலமா இருக்குதுங்களா?"

அந்தப் பக்கம் போன் கட் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எந்தப் பத்திரிகை வந்தாலும், கல்யாணமோ காதுகுத்தோ, முருகேசண்ணன் முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்: "ஏனுங் சுகந்தி, வண்டிய எடுக்கட்டுமா? பீரோவ ஏத்தோணுமே?"