மூடிய கடையின் கணவன்மார்கள்

"எழுந்திருங்க சார். கடையை மூடி மாசக்கணக்காச்சு."

சோபாவில் இருந்தவர் முகத்தை மறைத்த செய்தித்தாளை இறக்கவில்லை. "அதனாலதான் வந்தேன்," என்றார்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஷாப்பிங் மாலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பெரிய கடை அது. குண்டூசி முதல் கட்டில் வரை விற்ற இடம். இப்போது மிஞ்சியவை துணி மாட்டும் பொம்மைகளும், பெண்கள் பிரிவில் டிரையல் ரூமுக்கு வெளியே போட்ட சோபாக்களும், அவற்றில் உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களும்தான். மனைவிமார்கள் மற்ற கடைகளுக்குப் போகும்போது, பழக்க தோஷத்தில் இவர்களைப் பைகளோடு இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள்.

வாடகைக்குப் பார்க்க வந்த பார்ட்டிகளோ ஒரு சுற்று சுற்றிவிட்டு, காரணம் சொல்லாமல் நழுவினார்கள். முதலாளியம்மாவை மேனேஜர் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். காலையில் அந்தக் குரல் கறாராகச் சொல்லிவிட்டது: "இன்னைக்குக் குழந்தைங்க காப்பகம் நடத்தற அம்மா ஒருத்தங்க வர்றாங்க. இதுவும் கைநழுவிப் போச்சுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்கங்க."

வேலைக்கு ஆபத்து என்று மேனேஜர் வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"சோபாவை எல்லாம் தூக்குங்கண்ணே," என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

சோபா போனதும் கணவன்மார்கள் டிரையல் ரூம்களுக்குள் புகுந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"கரண்டை நிறுத்துங்க."

இருட்டு வந்தது. கூடவே குறட்டையும் வந்தது.

மறுபடி கரண்டைப் போடச் சொல்லி, மேனேஜர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மைக்கைப் பிடித்து, "உங்கள் மனைவிமார்கள் மேலே வந்துகொண்டிருக்கிறார்கள்," என்று அறிவித்தார்.

அத்தனை பேரும் அலறியடித்து வெளியே வந்தார்கள். ஆனால் வாசல் பக்கம் ஒருவரும் போகவில்லை. பொம்மைகளுக்கு நடுவே ஆளுக்கொரு போஸில் அசையாமல் நின்றுவிட்டார்கள். செய்தித்தாள்காரர் மட்டும் தாளைப் பிடித்தபடியே நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் காப்பக அம்மா உள்ளே நுழைந்தார்.

"இடம் நல்லா காத்தோட்டமா இருக்கு," என்றார்.

ஒரு பொம்மை தும்மியது.

இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று மேனேஜர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காப்பக அம்மா கணவன்மார்களை ஒவ்வொருவராகச் சுற்றி வந்து பார்த்தார்.

"அழுவாங்களா?"

"இல்ல மேடம்."

"எங்கேயாவது ஓடிடுவாங்களா?"

"துரத்தினாலும் போக மாட்டாங்க. அதுதான் என் பிரச்சனையே."

"வேளாவேளைக்கு என்ன குடுக்கணும்?"

"செல்போன் சார்ஜர் இருந்தா போதும் மேடம்."

காப்பக அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அப்ப குழந்தைங்க வேணாம். இவங்களையே வச்சுப் பாத்துக்கறேன். வீட்டம்மாவே வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகட்டும்," என்று சொல்லி, நின்ற இடத்திலேயே ஒப்பந்தத்தை முடித்தார்.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார்.

"நல்ல வேலை செஞ்சீங்க," என்றது குரல், முதல்முறையாக. "கீழதான் இருக்கேன். நானே வந்து பாக்கறேன்."

சந்தோஷத்தில் மேனேஜர் மறுபடி மைக்கைப் பிடித்தார். "முதலாளியம்மா மேலே வந்துகொண்டிருக்கிறார்கள்."

செய்தித்தாள் கீழே விழுந்தது. அதன் பின்னால் இருந்தவர் வியர்த்துக் கொட்ட, மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேய் இருக்குன்னு சொல்லி வந்த பார்ட்டியை எல்லாம் விரட்டினது நான்தான் சார். என் பொண்டாட்டிகிட்ட, அதான் உங்க முதலாளியம்மாகிட்ட, காட்டிக்குடுத்துடாதீங்க."