என் புடலங்காயை அடித்துவிட்டு பீட்ரூட் என்று எழுதியது குறித்து

ஆனைமலை,
சித்திரை 22

என் தங்கை பாவாத்தாளைக் கட்டிய மாப்பிள்ளை நஞ்சுண்டன் அவர்களுக்கு, மாசாணம் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி நாச்சியம்மாளும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. பீட்ரூட் தின்கிறவர்களுக்கு ஒரு குறையும் வராது என்று உங்கள் வீட்டிலேயே தீர்மானமாகிவிட்டது.

நடந்த அநியாயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வருகிற வைகாசி இருபத்தொன்றாம் தேதி உங்கள் மகள் சண்முகப்பிரியாவின் கல்யாணப் பந்தியில், தாய்மாமனாகிய நான் என் பந்தலில் விளைவித்த புடலங்காய் பொரியலாக இலையில் விழுவதாக இருந்தது. சித்திரை முதல் தேதி, பீளமேட்டில் உங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, என் கண்ணெதிரிலேயே அதை அடித்துவிட்டு மேலே பீட்ரூட் என்று எழுதினீர்கள். அடித்ததும் ஒற்றைக் கோடு இல்லை, இரட்டைக் கோடு. கொலைக் கேசில் பெயர் வந்தவனைக்கூட இப்படி அடித்து எழுதமாட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் உங்கள் வருங்கால மருமகன் கவின் தம்பி என்பது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் சமையல்காரருக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் சும்மா பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். அந்தத் தம்பி செல்போனை எடுத்தார். "மாமா, புடலங்காய்ல தொண்ணூத்தஞ்சு சதவீதம் தண்ணிதானுங்க. நூறு கிராமுக்குப் பதினெட்டு கலோரி. பீட்ரூட்ல நாப்பத்திமூணுங்க. ஃபோலேட் இருக்குது, நார்ச்சத்து இருக்குது, ஜிம்முல எல்லாரும் இதத்தானுங்க ஜூஸ் போட்டுக் குடிக்கிறாங்க" என்றார். நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, அந்த நாப்பத்திமூணுல பாதிக்கு மேல சர்க்கரைதானுங்களே, அதையும் படிங்க" என்றேன். அவர் படிக்கவில்லை. விரலால் மேலே தள்ளிவிட்டார். தனக்கு வேண்டியதை மட்டும் வாசிப்பதற்கு எதற்குப் பொறியியல் கல்லூரி? நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷை உர மூட்டையைப் பார்த்தும் மருந்து டப்பாவைப் பார்த்தும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கற்றுக்கொண்டவன். நான் எதைப் படித்தாலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மச்சான், நீங்க காயெல்லாம் சொமந்துட்டு வந்து சிரமப்பட வேண்டாமுங்க. வந்து ஆசீர்வாதம் பண்ணுனீங்கன்னா போதுமுங்க." இதைவிட மரியாதையாக ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்த முடியாது. முகூர்த்த நாள் குறித்த அன்றைக்கே நாள் எண்ணி, தை கடைசியில் விதை போட்டேன். காய் கோணாமல் நீளமாக இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலில் ஒரு கல் கட்டினேன். இருநூற்றுச் சொச்சம் கல். அண்ணாந்தே நின்று கட்டியதில் என் கழுத்து இன்றைக்கும் உங்கள் பக்கம் திரும்ப மறுக்கிறது. நகையும் பட்டும் எவன் வேண்டுமானாலும் கடையில் வாங்குவான். மாமன் கையால் விளைந்தது ஒன்று அந்தப் பெண் கல்யாணத்தில் இலையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும். அந்த ஒன்றை ஒரு சாயக்கிழங்கு தள்ளிவிட்டது.

ஆமாம், சாயக்கிழங்குதான். திருப்பூரில் பனியனுக்கு நிறமேற்றப் போகவேண்டியதைக் கொண்டுவந்து கல்யாண இலையில் வைக்கிறீர்கள். ரசம் ஊற்றும் முன்பே சோறு சிவந்துவிடும். மோர் ஊற்றினால் ரோஸ் நிறமாகிவிடும். வெள்ளை வேட்டியில் வந்த உங்கள் பங்காளிகள் எல்லோரும் வெட்டுக்குத்துக்குப் போய்வந்தவர்கள்போல மண்டபத்தை விட்டு வெளியே வருவார்கள். சிவப்பாக இருக்கிறது, அதனால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறவர்கள், வெண்டைக்காய் விரலைப்போல இருக்கிறது என்று சொல்லி அதைத் தின்று விரல் வளர்க்கட்டும். உங்களுக்கு ஏற்கனவே சர்க்கரை. அப்படியிருந்தும் இனிக்கிற காயாகத் தேடி எடுத்திருக்கிறீர்கள்.

வாய்ப்பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆதாரம் வேண்டும். உங்கள் பீளமேட்டிலேயே உணவுப் பொருளைச் சோதிக்கிற ஒரு லேப் இருப்பதாகக் கேள்விப்பட்டு போன் செய்தேன். இஃப்ரா என்கிற பெண் பேசியது. பச்சைக்காய் வழியில் வாடிவிடும், காயவைத்துப் பொடியாகக் கொண்டுவந்தாலும் சோதித்துத் தருகிறோம் என்றது. அதனால் பாரபட்சத்துக்கே இடமில்லாமல் இரண்டையும் ஒரே மாதிரி காயவைப்பது என்று முடிவு செய்தேன். சந்தையில் போய், என் வாழ்நாளில் முதல் தடவையாக, காசு கொடுத்து பீட்ரூட் வாங்கினேன். தெரிந்தவன் எவனாவது பார்க்கிறானா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டேன். இந்தப் பந்தலின் முதல் பறிப்பில் வந்த புடலையை முழுக்க இறக்கினேன். நாச்சியம்மாளைக் கூப்பிட்டு, இரண்டையும் வட்டவட்டமாக நறுக்கி மாடியில் காயப்போடச் சொன்னேன். "வத்தலுக்குங்களா?" என்று கேட்டாள். "ஆமா ஆமா, காயோணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன். சித்திரை வெயில் மூன்றே நாளில் இரண்டையும் சருகாக்கிவிட்டது. தனித்தனியாக மிக்ஸியில் அரைத்து, தனித்தனி டப்பாவில் போட்டு, பஸ் ஏறினேன்.

லேப்பில் அந்த இஃப்ரா பீட்ரூட் டப்பாவைத் திறந்து பார்த்து, உடனே மூடி வைத்தது. என் புடலங்காய் டப்பாவைத் திறந்ததும் அதன் முகமே மாறியது. "தாத்தா, இது என்னங்க இவ்வளவு வாசமா இருக்குது? எண்ணெயில பொரிச்சாச் சாப்பிட்டுப்போடலாமாட்ட இருக்குதுங்க" என்றது. பார்த்தீர்களா? முன்பின் அறியாத பெண். என் பந்தலையும் தெரியாது, உங்கள் சோபாவையும் தெரியாது. நியாயம் அதன் வாயிலிருந்து தானாக வந்தது.

ரிப்போர்ட் நேற்றுத் தபாலில் வந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். கால்சியம், என் புடலங்காயில் பீட்ரூட்டைப்போல ஐந்து மடங்கு. புரதம், இரண்டரை மடங்கு. சோடியம் மட்டும் பதினெட்டு மடங்கு! சோடியம் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பதினெட்டு மடங்கு இருக்கிறதென்றால் அது நல்லதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் குணம் என்று நினைக்கிறேன். சர்க்கரையில் மட்டும் பீட்ரூட் ஜெயித்திருக்கிறது. அந்தக் கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தண்ணீர் என்று செல்போனைப் பார்த்து ஏலம் போட்டாரே கவின் தம்பி, அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்பதை இப்போது அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா, அதற்கு முந்தாநாள் பாவாத்தாள் போன் செய்தாள். "அண்ணா, ஒரு பொரியலுக்காகக் கண்ணாலத்துக்கு வராமப் போயிருவியா? புள்ள அழுவுதண்ணா" என்றாள். புள்ள எதற்கு அழவேண்டும்? அழவேண்டியவர் பட்டியல் எழுதியவர். ஆகவே கீழ்க்கண்டவை நடந்தாக வேண்டும். நீங்கள் அந்தப் பட்டியலை எடுத்து, அடித்த அதே பேனாவால் பீட்ரூட்டை அடிக்க வேண்டும், அதுவும் இரட்டைக் கோடு. கவின் தம்பி ரிப்போர்ட் முழுவதையும் உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று சத்தமாக, விரலால் தள்ளாமல், வாசிக்க வேண்டும். சண்முகப்பிரியா அதை வீடியோ எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பாவாத்தாள் எனக்கு போன் செய்து "புடலங்காய் எப்போ வருதண்ணா?" என்று கேட்க வேண்டும். சமையல்காரர் பீட்ரூட்டுக்குச் சொல்லிவைத்ததை ரத்து செய்ய வேண்டும். இவ்வளவும் நடந்தால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் நான் காயோடு மண்டபத்தில் நிற்பேன். நடக்காவிட்டால் சீர் வரும், நான் வரமாட்டேன்.

மாசாணியம்மன் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல புத்தியும் நல்ல பசியும் கொடுக்கட்டும். சண்முகப்பிரியாவுக்கு மட்டும் என் முழு ஆசீர்வாதம். மற்றவர்களுக்கு நிலுவையில் இருக்கிறது.

இப்படிக்கு,
மாசாணம்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன்னால் நாச்சியம்மாளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். கால்சியம் வரை சிரிக்காமல் கேட்டாள். சோடியம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, வத்தலுக்குன்னுதான சொன்னீங்க? உப்புப் போட்டு ரெண்டு நாள் எருமை மோருல ஊறவச்சுத்தானுங்க காயப்போட்டேன். மோருல போடாம யாருங்க வத்தல் போடுவாங்க?" என்றாள். அப்படியானால் பீட்ரூட்? "அதெ எந்த ஊருலீங்க மோருல போடுறாங்க? அதெச் சும்மா காயப்போட்டேன்" என்றாள். ஆக, கால்சியமும் புரதமும் எருமையுடையது. சோடியம் என்பது உப்பு. கிணற்றுத் தண்ணீருக்கு இதில் பங்கில்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லையே. அது வற்றலைச் சோதித்தது, வற்றல் ஜெயித்தது. அந்த லேப் பெண்ணும் வற்றலைத்தான் பொரித்துச் சாப்பிடலாம் போலிருக்கிறது என்றது. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், வீடியோவும் வேண்டாம். பொரியல் பீட்ரூட்டாகவே இருந்து தொலையட்டும். இலையில் அப்பளத்துக்குப் பக்கத்தில் என் புடலங்காய் வற்றல் இருக்க வேண்டும். பந்தலில் இருக்கிற காய் அத்தனையும் இப்போது வற்றலாக வேண்டும், எங்கள் மாடி அதற்குப் போதாது. வெள்ளிக்கிழமை நான் காயோடும் நாலு குடம் மோரோடும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் மாடியில் இருக்கிற பூந்தொட்டிகளை ஓரங்கட்ட வேண்டும். பாவாத்தாள் பழைய வேட்டிகளைத் துவைத்து விரிக்க வேண்டும். சண்முகப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட வேண்டும். கவின் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் வீட்டுக்கு வந்து போவதாகக் கேள்வி. வருகிற ஞாயிறு செல்போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, காக்கை ஓட்ட வேண்டும்.