குதிரைக்கும் ஒரு பொட்டு

இரவல் வாங்கிய பொருள் வீட்டில் இருக்கும்வரை மனிதருக்கு நிம்மதி கிடையாது. எனக்குத் தூக்கமும் கிடையாது.

பாபநாசம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகத் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தாளாளர் தம் குடும்பத்தின் பழைய வரைபெட்டியைக் கொடுத்தார். தாத்தா காலத்துச் சீமைச் சரக்கு. உள்ளே மரக்கூம்பு, உருளை, பித்தளைக் கவராயம், பார்த்து வரைய அட்டைப் படங்கள்: குடை, குதிரை, தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி.

"குடுத்தபடியே திரும்பி வரட்டும். உங்க வேலைய நிரந்தரமாக்கறதப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார். (முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.)

பூசை விடுமுறைக்கு அந்தப் பெட்டியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சரஸ்வதி பூசையன்று சுண்டல் தாளித்துக்கொண்டே, "ஏங்க, என் பெட்டிக்கும் பொட்டு வச்சிடுங்க!" என்று கத்தினேன். நான் சொன்னது என் வண்ணப் பெட்டியை. என் கணவர் விவசாயி. டிராக்டர், மோட்டார், மண்வெட்டி, மிக்ஸி என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைப்பவர்.

வந்து பார்த்தேன். கூம்புக்குப் பொட்டு. கவராயத்தின் இரண்டு காலுக்கும் பொட்டு. சீமாட்டி நெற்றியில் சந்தனம், குங்குமம். குதிரைக்கும்தான்.

"என்னங்க இது!"

"நீதான சொன்ன? தொழில் சாமான்ல ஒண்ண வச்சு ஒண்ண விட முடியுமா?"

அந்த நேரம் பார்த்துத் தாளாளரின் போன். லண்டனிலிருந்து அக்கா வந்திருக்கிறாராம், பெட்டியைப் பார்க்க வேண்டுமாம், வழியில்தான் இருக்கிறார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரப் பஞ்சை எடுத்துத் துடைத்தேன். (ஓவியம் படித்தவள் செய்கிற வேலையா இது?) குங்குமம் கரைந்து சீமாட்டியின் மூக்கு வரை இறங்கியது. வாசலில் கார் வந்து நின்றது.

தாளாளர் ஒவ்வொரு அட்டையாக எடுத்தார். முகம் இறுகிக்கொண்டே போனது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா சீமாட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "டேய், இந்தம்மாவுக்கு நான் பென்சில்ல பொட்டு வச்சதுக்குத்தான அப்பா என்னை முட்டி போட வச்சாரு? அழிச்ச தடம் இன்னும் இருக்கு பாரு. நீதானடா போட்டுக் குடுத்த?"

தாளாளர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அது சரிங்க டீச்சர். குதிரைக்கு எதுக்கு வச்சீங்க?"

என் கணவர் முந்திக்கொண்டார். "அதுவும் உழைக்கிற ஜீவன்தானுங்களே."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாளாளரால் அதற்கு மேல் முறைக்க முடியவில்லை.

வேலை நிலைத்தது. அட்டைகளும் பள்ளியிலேயே தங்கிவிட்டன. அவற்றைப் பார்த்து வரையும் பிள்ளைகள் இன்றும் குதிரையைப் பொட்டோடுதான் வரைகிறார்கள். நான் அந்தப் படங்களைத் திருத்த உட்காரும்போதெல்லாம் என் கணவர் எட்டிப் பார்த்துச் சொல்வார்: "குதிரைக்கு எப்படி வேணா மார்க்கு போடு. பொட்டு என்னுது, அதுல கை வைக்காத."