இராசநாயகத்தார் வீட்டு நிர்வாகப் பெட்டி

மனித குலத்தின் சாதனைகளில் நெருப்புக்கு அடுத்த இடம், 2004ஆம் ஆண்டு வேலணையில் இராசநாயகத்தார் வீட்டு முன்மண்டபச் சுவரில் பொருத்தப்பட்ட 'நிர்வாகப் பெட்டி'க்கே உரியது. இதை மறுப்பவர்கள் வேலணையில் இல்லை. அப்படி எவரும் இருந்தாலும் அவர் முன்னால் மறுக்கமாட்டார்கள்.

பெட்டியை அனுப்பியவன் ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகன் சிவரூபன். வீட்டின் ரீவி, வீடியோ டெக், பாட்டுப் பெட்டி, விளக்குகள், மின்விசிறிகள், வெளிக் கேற் யாவும் வயர்களால் அதன் 'ஆளுகைக்குள்' கொண்டுவரப்பட்டன. பெட்டியோ தொலைபேசிக் கம்பி வழியாகச் சிவரூபனின் ஆளுகைக்குள் வந்தது. ரொறன்ரோவில் ஒரு விரல் அசைந்தால் வேலணையில் விசிறி சுழலும். மின்சாரம் மட்டும் வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்து ஜெனரேற்றர் எஞ்சினிலிருந்து வந்தது.

பெட்டியைக் கொண்டுவந்த வழியில், மண்டைதீவுச் சோதனைச் சாவடியில் அதைத் திறந்த சிப்பாய், இது என்னவென்று கேட்டான்.

"நிர்வாகம்," என்றார் இராசநாயகத்தார்.

சிப்பாய் இரண்டடி பின்னால் போய் நின்றான். அந்த மரியாதையை அவர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டி வேலைசெய்யத் தொடங்கிய மறுநாளே மேசனை அழைத்து, வீட்டிலிருந்த பழைய சுவிச்சுகள் எல்லாவற்றையும் சீமெந்தால் பூசுவித்தார்.

"இஞ்சாருங்கோ, குசினிச் சுவிச்சையாவது விடுங்கோவன்," என்றார் மனைவி அன்னபூரணம்.

"வாறவன் போறவன் எல்லாம் தட்டிற சுவிச், மதிப்பான வீட்டுக்கு என்னத்துக்கு? நீர் பேசாமல் இரும்."

அடுத்த மாதம், புளியங்கூடலில் இருந்து மீனாம்பிகை தன் மகனுக்கு இராசநாயகத்தாரின் மகள் நிலாந்தினியைப் பெண் கேட்டு வந்தார். அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று சம்பந்தங்கள் முறிந்திருந்தன. இது முறியக்கூடாது என்று வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

இருள் கவியும் மைம்மல் பொழுது. கேற் தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. விளக்குகள் எரிந்தன. நாதஸ்வரம் ஒலித்தது. மீனாம்பிகை கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, ஆர் இதெல்லாம் போடுறது?"

"மோன். ரொறன்ரோவிலை இருந்து. நாங்கள் கதைக்கிறதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்."

"அங்கை இப்ப காலமையெல்லோ? பிள்ளை வேலைக்குப் போறேல்லையோ?"

"குடும்பத்தைப் பாக்கிறதுதான் அவனுக்கு முதல் வேலை, தங்கச்சி."

மீனாம்பிகை தொண்டையைச் செருமினார். "அப்ப, சீதனக் கதையையும் கதைச்சு முடிப்பம்."

இராசநாயகத்தார் நிமிர்ந்தார். "இதிலை கதைக்க என்ன இருக்கு? இந்த வீடும் வளவும் என்ரை மகளுக்குத்தான்."

விளக்குகள் அணைந்தன. நாதஸ்வரம் நடுவில் நின்றது. விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

"கறன்ற் நிண்டு போச்சுது," என்றார் கம்பீரமாக.

"அண்ணை, எஞ்சின் ஓடுற சத்தம் கேக்குது."

அப்போது பெட்டி பேசியது. "அப்பா, வீட்டுக் கதையை நான் வந்தாப் பிறகு கதைப்பம்."

"தம்பி, ஆக்கள் இருக்கினம். லைற்றைப் போடு."

"வீடு ஆரின்ரை பேரிலை எண்டு சொல்லுங்கோ. போடுறன்."

இராசநாயகத்தார் எழுந்து சுவரைத் தடவினார். கதவோரம் தடவினார். அலுமாரிக்குப் பின்னால் தடவினார். எங்கும் வழுவழுப்பான சீமெந்து.

மீனாம்பிகை எழுந்தார். "மச்சான்ரை வாயைப் பாத்து விளக்குக் கொளுத்துற வீட்டை எங்கடை பொடியன் என்ன செய்யிறது? நாங்கள் வாறம், அண்ணை."

ஆனால் அவரால் போக ஏலவில்லை. கேற்றும் நிர்வாகத்தின் கீழ் இருந்தது.

கடைசியில் நிலாந்தினி அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் தாயாரைக் கோடிக்குள்ளால் கூட்டிக்கொண்டு போய், பக்கத்து வளவு நாய் வந்துபோகும் வேலிப் பொட்டுக்குள்ளால் குனியவைத்து வெளியே அனுப்பினாள். வேலிக் கிடுகில் சேலை கொளுவிக் கிழிந்த சத்தம் முன்மண்டபம் வரை கேட்டது.

அவள் திரும்பி வந்தபோதும் இராசநாயகத்தார் நிமிர்ந்தே நின்றார்.

"கொண்ணன் எங்கடை நன்மைக்குத்தான் செய்வான், பிள்ளை."

"நான் அண்ணையைக் குறை சொல்லேல்லை, அப்பா. அவன் அனுப்பினது ஒரு பெட்டி. சுவரெல்லாம் பூசினது நீங்கள்."

பெட்டி கேட்டது: "அப்பா, ஆக்கள் வெளிக்கிட்டுப் போட்டினமோ?"

"ஓம், தம்பி."

விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. மேசனின் வேலை மிக நேர்த்தி. சுவிச் இருந்த இடம் எதுவென்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.