விதைப்பூண்டுச் சோதனை

“லைட்டு எரியுதே தாயி, பெறகெப்படி இதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சுங்கறே?” என்று கேட்டுக்கொண்டே நல்லசாமி சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரை மூன்றாவது தடவையாகத் தட்டிப் பார்த்தார்.

“லைட்டு எரியும்ப்பா. இந்த மாடலுக்கு இனிமே அப்டேட் தர மாட்டோம்னு கம்பெனி கைகழுவிருச்சு. நெட்டும் விட்டு விட்டு வருது. புதுசுதான் வாங்கணும்,” என்றாள் மகள் தமிழ்மதி. “வாங்குறப்ப, அஞ்சு வருசமோ ஏழு வருசமோ, எத்தனை வருசத்துக்கு அந்தக் கம்பெனி கவனிச்சுக்கும்னு பாத்து வாங்கணும். நானே பாத்துச் சொல்லவா?”

“நீ உன் சோலியப் பாரு. இத அப்பா பாத்துக்கறேன்.”

அடுப்படியில் இருந்த அவர் மனைவி பொன்னுத்தாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் அவர் போன வருடம் மருந்தடிக்கும் மிஷின் வாங்கி வந்தார். வாங்கிய நாலாம் மாதம் ஒரு வாஷர் தேய்ந்தது. வாஷர் கேட்டுப் போனால் கம்பெனியே இல்லை. இப்போது அந்த மிஷின் மேல் கோழி அடைகிறது.

ஆனால் இந்தத் தடவை விஷயம் மருந்தடிக்கிற மிஷின் இல்லை. தமிழ்மதி ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை பார்த்தாள். காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருப்பாள். என்ன வேலை என்று நல்லசாமி கேட்டதில்லை. கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் வரும், தலையாட்ட வேண்டியிருக்கும். நெட் அடிக்கடி போகிறதென்று கம்பெனி ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால், மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் ஆபீசுக்கே வந்துவிடு என்று சொல்லியிருந்தார்கள்.

அதுதான் நல்லசாமிக்குத் தாங்கவில்லை. மகள் ஹாஸ்டலில் படித்த நாலு வருடமும் வீடு வெறிச்சென்று கிடந்ததை அவர் மறக்கவில்லை. மகள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு நெட் வேண்டும், நெட்டுக்கு ரவுட்டர் வேண்டும். ஏழு வருடம் கைவிடாத ரவுட்டர் கிடைத்தால் மகளும் ஏழு வருடம் கூடவே இருப்பாள் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். அவளுடைய கல்யாணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பொன்னுத்தாயின் இலாகா.

மறுநாள் வெள்ளனே தங்கள் ஊரான பூண்டியிலிருந்து பஸ் ஏறிக் கொடைக்கானல் போனார். மூஞ்சிக்கல் பக்கம் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருந்த சந்தோஷ்குமார் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

“சிவப்புப் பெட்டி செவன் இயர்ஸ் அப்டேட் சார். நீலப் பெட்டி ஃபைவ் இயர்ஸ்.”

“ஏழு வருசம்னா எப்ப இருந்து எண்ணுவாங்க?”

“மாடல் லாஞ்ச் ஆன டேட்ல இருந்து சார்.”

“இது எப்ப லாஞ்சு ஆச்சு?”

சந்தோஷ்குமார் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னான். “மூணு வருஷம் ஆச்சு.”

“அப்ப நாலுதான் மிச்சம். பொட்டிக்குள்ள உக்காந்த எடத்துலயே கெழடாயிருச்சாக்கும்?”

“நீலப் பெட்டி இந்த வருஷ மாடல் சார். அஞ்சு வருஷம் ஃபுல்லா இருக்கு.”

“அஞ்சு வருசத்துக்கு அந்தக் கம்பெனி இருக்குமா?”

பதினோரு வருடமாக வியாபாரம் செய்யும் சந்தோஷ்குமாரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவன் பெட்டியின் அடியில் இருந்த எண்ணைக் காட்டினான். “கஸ்டமர் சப்போர்ட் இருக்கு சார். போன்லயே தமிழ்ல சாட் பண்ணலாம். நீங்களே கேட்டுப் பாருங்க.”

நல்லசாமியின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த வித்தை. அவர்கள் ஊரில் விதைப்பூண்டு வாங்குவதற்கென்று ஒரு முறை உண்டு. வாங்கப் போகிறவன் சொந்தப் பேரையும் ஊரையும் சொல்ல மாட்டான். சொன்னால், தெரிந்த ஆளென்று மேலே நல்ல பூண்டாகக் காட்டி அடியில் சொத்தையைத் தள்ளிவிடுவார்கள். வேறு பேர் சொல்லி, ஒன்றும் தெரியாதவன் போல நின்று, எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூட்டை வீட்டு வாசலுக்கு வரும்வரை எந்தப் பூண்டு என்று பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட மூச்சு விடக் கூடாது. நீலப் பெட்டியின் நம்பர் முழுவதையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

புதன்கிழமை காலை நல்லசாமி வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தார். பூண்டியில் போன் டவர் கிடைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. நீலப் பெட்டி வாங்கிவிட்டவர் மாதிரி ஒற்றை விரலால் தட்டினார்: ‘பெயர் மயில்சாமி. ஊர் ஆடலூர். நெட் விட்டு விட்டு வருது.’

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ‘வணக்கம் மயில்சாமி ஐயா. நான் வள்ளி. சிரமத்துக்கு வருந்துகிறேன். நாம் சேர்ந்து சரிசெய்வோம்.’

நல்லசாமி உருகிவிட்டார். மருந்து மிஷின்காரன் ஒருநாளாவது வருந்தியிருப்பானா?

‘முதலில் ரவுட்டரை அணைத்துவிட்டு, முப்பது நொடி கழித்துப் போடுங்கள் ஐயா. அணைத்ததும் சொல்லுங்கள்,’ என்றது வள்ளி.

இங்கேதான் நல்லசாமியின் மனசாட்சி குறுக்கே வந்தது. பேரை மாற்றிச் சொல்வது ஊர் வழக்கம், அதில் பாவமில்லை. அணைக்காமலே அணைத்தேன் என்பது சுத்தப் பொய். நீலப் பெட்டி கையில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் இருக்கிற ரவுட்டரையாவது அணைக்க வேண்டாமா?

“ஏ பொன்னுத்தாயி! ரவுட்டர அணை!”

“எதுக்கு?”

“அணைன்னா வெரசா அணையேன்!”

பொன்னுத்தாய் அணைத்தாள். ‘அணைத்தாச்சு’ என்று இவர் அனுப்பினார். பதில் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது: ‘வள்ளி உரையாடலிலிருந்து வெளியேறிவிட்டார்.’

மாடியிலிருந்து தமிழ்மதியின் குரல் கேட்டது. “யாரு நெட்ட அணைச்சது? தட்டிக்கிட்டிருந்தது அம்புட்டும் போச்சு!”

“ஒங்கப்பாதான்! என்னமோ சோதனையாம்!”

“எல்லாம் ஒனக்காகத்தான் தாயி!” என்று தொட்டி மேலிருந்து சமாதானம் சொன்னார் நல்லசாமி.

வியாழக்கிழமை மறுபடி தொட்டி ஏறினார். ‘உங்கள் கோரிக்கை வள்ளிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது. வள்ளி நேற்றுப் பாதியில் போனதற்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டது. பிறகு, ‘ரவுட்டரை ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கிறீர்களா ஐயா?’ என்றது.

பூண்டியில் ஈரம் படாத இடத்துக்கு எங்கே போவது? பகல் பன்னிரண்டுக்கும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காருகிற ஊர். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஓர் இடம்தான் தேறியது. விதைப்பூண்டைக் கட்டித் தொங்கவிடுகிற, அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். நல்லசாமி இறங்கிப் போய் ரவுட்டரைக் கழற்றி, வயரை நீட்டி இழுத்து, இரண்டு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே கொச்சக்கயிற்றால் தொங்கவிட்டுவிட்டு மூச்சு வாங்கத் தொட்டிக்குத் திரும்பினார்.

‘வைத்தாச்சு’ என்று அனுப்பினார்.

‘வள்ளி உரையாடலிலிருந்து வெளியேறிவிட்டார்.’

“பாத்தியா? சொன்னதச் செஞ்சு முடிச்சா ஆளக் காணோம்!” என்று அவர் அடுப்படிக்கு வந்து பொன்னுத்தாயிடம் பொருமினார்.

“அத விடுங்க. வெளக்கு தெரியலயேங்க. கரி அப்பிக் கெடக்கு,” என்று அவள் அண்ணாந்து பார்த்தாள்.

தமிழ்மதி இறங்கி வந்தபோது ரவுட்டர் புகைக்குள் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதைப் பிடித்து நிறுத்தினாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், “அப்பா, இன்னிக்கு மட்டும் நாப்பது நிமிசம் நெட் இல்ல. இன்னொரு தடவ போனா கோயம்புத்தூர்தான். தயவுசெஞ்சு அதத் தொடாதீங்க,” என்றாள்.

“அதுக்குத்தானே தாயி நல்ல கம்பெனி தேடறேன். ஒண்ணப் பாத்து வச்சிருக்கேன். பேச்செல்லாம் தேனாட்டம் இருக்கு. நிக்குமா ஓடுமாங்கறதுதான் தெரியல.”

“எந்தக் கம்பெனிப்பா?”

“வீட்டுக்கு வரட்டும், பாத்துக்க.”

அவள் ரவுட்டரைக் கழற்றி, துடைத்து, பழைய இடத்தில் மாட்டிவிட்டுப் போனாள். ஒரு பூண்டு வாடை மட்டும் அதோடு தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை நல்லசாமி நாள் முழுதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மனது கேட்கவில்லை. எந்தச் சோதனையும் மூன்று தடவை செய்தால்தான் சோதனை. தொட்டி ஏறினார்.

அன்றைக்கு வள்ளி கொஞ்சம் களைத்துப்போன மாதிரி தெரிந்தது. ‘ஐயா, உங்களை இனி அலைய வைக்க மாட்டேன். கடைசியாக ஒன்று. ரவுட்டரின் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எல்லாம் புதிதாகத் தொடங்கும். முடியும்வரை நான் இங்கேயே இருப்பேன்.’

‘சத்தியமா இருப்பியா?’ என்று கேட்டார் நல்லசாமி.

‘நிச்சயம் ஐயா.’

நல்லசாமி தொட்டியிலிருந்து குதித்து ஓடினார். தொடாதே என்று மகள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் பத்தே நொடிதான், அதுவும் சத்தியம் வாங்கின பிறகு. பொன்னுத்தாயின் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றினார். பத்துக்குப் பதினைந்தாக எண்ணி அழுத்தினார். எல்லா விளக்கும் ஒருசேர மினுக்கி ஒருசேர அணைந்தது. திரும்ப ஓடிப் போய்ப் போனைப் பார்த்தார்.

‘வள்ளி உரையாடலிலிருந்து வெளியேறிவிட்டார்.’

நல்லசாமிக்கு ஆத்திரம் பொங்கியது. மூன்று தடவை நம்ப வைத்து மூன்று தடவையும் நட்டாற்றில் விட்டார்கள்! இந்த நீலப் பெட்டியை நம்பி மகளுடைய வேலையை ஒப்படைத்திருந்தால் என்ன கதி? அப்போதே, அந்தத் தொட்டி மேலேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புகார் எழுதினார். ‘வள்ளி என்ற ஊழியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. சத்தியம் செய்துவிட்டு ஓடுகிறார். இப்படிப்பட்டவரைக் கண்பார்வையில் வைத்து வேலை வாங்க வேண்டும். ஓடாதபடி பார்த்துக்கொள்ளவும். இப்படிக்கு, மயில்சாமி, ஆடலூர்.’

ஊசி குத்தியதில் பாஸ்வேர்டெல்லாம் அழிந்து, கேபிள்காரர் வந்து சரிசெய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. தமிழ்மதி மாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை. நல்லசாமி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் ஓடினார். நல்ல நேரம், சிவப்புப் பெட்டியில் இந்த மாதம் வந்த புது மாடல் இறங்கியிருந்தது. ஏழு வருடமும் அப்படியே முழுசாக இருந்தது. மத்தியானத்துக்குள் வீட்டில் மாட்டியாயிற்று. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. மாடியில் நெட், அடுப்படியில் நெட், தொட்டி மேல்கூட நெட். அவர் சூடம் ஏற்றி ரவுட்டருக்குக் காட்டினார். பொன்னுத்தாயும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தமிழு! எறங்கி வா தாயி! ஏழு வருசத்துக்கு இனி ஒன்ன யாரும் அசைக்க முடியாது!”

தமிழ்மதி பையோடு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. “திங்கக்கெழம கோயம்புத்தூர் ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்கப்பா. இப்பத்தான் மெயில் வந்துச்சு.”

“புது ரவுட்டர் வந்துருச்சுன்னு சொல்லு!”

“சொன்னேன். கேக்க மாட்டேங்கறாங்க.”

நல்லசாமி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எரிச்சலில் கை தவறி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“வணக்கம், மயில்சாமி ஐயாங்களா? நான் நீலப் பெட்டி ரவுட்டருக்கு சப்போர்ட் பாக்குற டீம் சூப்பர்வைசர் ஞானவேல், கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன்.”

தமிழ்மதி பையைக் கீழே வைத்தாள்.

“உங்க புகாருக்கு ஆக்‌ஷன் எடுத்தாச்சுங்கய்யா. நீங்க எழுதின மாதிரியே, அந்த வள்ளிய திங்கக்கிழமைல இருந்து எங்க கண்ணு முன்னாடி ஆபீசுலயே உக்கார வச்சர்றோம். அந்தப் பொண்ண ரொம்பக் கோவிச்சுக்காதீங்க, கொடைக்கானலுக்கு மேல ஏதோ பூண்டின்னு ஊராம், பாவம், அவங்க வீட்டுல யாரோ நேரங்காலம் தெரியாம ரவுட்டர அணைச்சு அணைச்சு வெளையாடுறாங்களாம்!”