மஞ்சள் வரும் திசை

காலை ஒன்பதரைக்குச் சம்பந்தியின் இடது கன்னத்தில் மஞ்சள் வந்தது.

ஓவியர் பிரஷை இறக்கினார். பின்னால் நடந்து, தரையில் ஒட்டியிருந்த நாடாவின் மேல் நின்று பார்த்தார். மஞ்சள்தான்.

"சம்பந்தி, கொஞ்சம் சொறியாம இருங்க."

"கை தானாப் போகுது சம்பந்தி."

"கை போகட்டும். தோள் போகக் கூடாது."

சம்பந்தி கையை மடியில் வைத்துக்கொண்டார். மகளின் மாமனார். சாதுவான மனிதர். நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு, அவர் செருப்புகளைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு. தினமும் வந்து கோட்டுக்குள் காலை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

நாற்காலிக்குப் பக்கத்திலேயே கேன்வாஸ் நின்றது. நாடாவிலிருந்து பார்த்தால் முகமும் படமும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் தெரியவேண்டும். வித்தியாசம் தெரிந்தால் நடந்து போய் ஒரு தீற்றல். திரும்பி வந்து மறுபடி பார்வை. அறையில் புகைப்படத்துக்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரிவதை வை, மனசுக்குத் தெரிந்ததை வைக்காதே. முப்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பிழைப்பு. பிழைப்பு சுமாராகத்தான் நடந்தது.

இந்தப் படம் பிழைப்புக்காக அல்ல. பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா கேட்டிருந்தார்: "பொண்ணோட அப்பா என்ன பண்றார்?"

"ஓவியர்."

"அது சரி. வேலை?"

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. மகள் பதில் சொல்ல முயன்று, இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தாள். புது வீட்டு ஹாலில் சம்பந்தியின் உருவப்படம் ஏறினால் அவள் அங்கே கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம். ஓவியர் தானாகக் கேட்டு ஒப்புக்கொண்ட வேலை இது. சம்பந்திக்கும் பிடித்திருந்தது.

"வீட்ல உட்கார்ந்தா யாராவது வேலை சொல்றாங்க. இங்க உட்கார்றதே வேலை" என்றார்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? ஓவியர் ஜன்னலுக்குப் போனார். வடக்கு ஜன்னல். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடித்தது. போன வாரம்வரை அழுக்காக நின்ற சுவர். இப்போது பளீரென்று மஞ்சள் அடித்திருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் ஓவியர்.

"என்னது?"

"உங்க மேல எதிர்வீடு விழுது."

சம்பந்தி பதறி எழப் பார்த்தார்.

"அசையாதீங்க! வெளிச்சம்தான்."

ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் துணியால் மறைத்தார். அறை இருட்டியது. சம்பந்தி தூங்கிவிட்டார். இருட்டில் மஞ்சள் போகவில்லை, பழுத்தது.

ஓவியரின் மனைவி டீ கொண்டுவந்தாள். தட்டில் பிஸ்கட். சம்பந்தி கண்ணைத் திறந்து, தட்டைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பசிக்கலம்மா."

கதவுக்கு வெளியே மனைவி புருஷனிடம் முணுமுணுத்தாள். "நேத்தும் தொடல. முந்தாநாளும் தொடல. நம்ம வீட்டு டீ இறங்காதாமா? அந்தம்மா சொல்லி அனுப்பியிருப்பாங்க."

"தோள் ஆடக் கூடாதுன்னு நான் சொன்னதுக்காகக் குடிக்காம இருக்கார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டார்."

மறுநாள் ஓவியர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், உங்க சுவர் எங்க சம்பந்தி முகத்துல அடிக்குது."

எதிர்வீட்டுக்காரர் யோசித்தார். "யாரை அடிச்சுது?"

"கலர். உங்க மஞ்சள், வெயில்ல பட்டு, ஜன்னல் வழியா அவர் கன்னத்துல. நான் படம் வரையறேன்."

"அவரை வேற பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்க."

"பாதி படம் முடிஞ்சிருச்சு சார்."

"நானும் முழுச் சுவரும் முடிச்சிட்டேன் சார்."

கடைசியில் ஒரு ஏற்பாடு. காலையில் படம் வரையும் நேரம் மட்டும் சுவரின் மேல் துணி தொங்கலாம். அவ்வளவு பெரிய துணி ஓவியரிடம் இல்லை. வீட்டில் இருந்த படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தாள் மனைவி. எல்லாம் நீலம். மொட்டைமாடியிலிருந்து கல் கட்டித் தொங்கவிட்டார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டில் ஏதோ விசேஷம் என்று ஒருவர் உள்ளேயே போய்விட்டார்.

அன்று சம்பந்தி பச்சையாக இருந்தார்.

ஓவியர் நாடாவில் நின்று வெகுநேரம் பார்த்தார். பச்சையை வைப்பதா, வேண்டாமா? கண்ணுக்குத் தெரிந்தது. வைத்தார். வைத்து முடித்த நேரத்தில் சம்பந்தியம்மா படியேறி வந்தார். படம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க.

பார்த்தார்.

"என்ன சம்பந்தி இது? பச்சையா இருக்கார்!"

"முந்தாநாள் மஞ்சளா இருந்தார்மா. நீலம் சேர்ந்ததுல இப்படி ஆயிடுச்சு. சரி பண்ணிடலாம்."

"இவர் இந்த நிறமா?"

"இந்த நேரத்துக்கு, இந்த ஜன்னல்ல, இந்த நிறம்தான். நீங்களே பாருங்க."

"நான் எதுக்குப் பார்க்கணும்? முப்பத்தஞ்சு வருஷமாப் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா?" புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மாநிறம். நல்ல களையான மாநிறம். நாலு பேர் வந்து போற ஹால்ல காய்கறியை மாட்டச் சொல்றீங்களா?"

நாற்காலியிலிருந்து சம்பந்தி மெதுவாகச் சொன்னார். "அவர் வரையட்டும், விடு."

"நீங்க அசையாதீங்க" என்றார்கள் இருவரும்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரல் தணிந்திருந்தது. சமையலறையிலிருந்து பேசுகிறாள் என்று ஓவியருக்குத் தெரிந்தது.

"அப்பா, அத்தை காலையிலிருந்து எங்கிட்ட பேசல."

"படம் முடியட்டும். பேசுவாங்க."

"கல்யாண போட்டோவைக் கொடுத்து அனுப்பறாங்களாம். அதைப் பார்த்து வரையணுமாம். இல்லன்னா அந்தப் போட்டோவையே பெரிசாப் போட்டு மாட்டிடுவாங்களாம். ஞாயித்துக்கிழமைவரைக்கும்தான் டைம்."

ஓவியர் விரலில் ஒட்டியிருந்த பச்சையைத் துடைத்தார்.

"கொஞ்சம் சிவப்பு வைங்கப்பா. எனக்காக. யாருக்குத் தெரியப் போகுது?"

"இல்லாத சிவப்பை எங்கேர்ந்தும்மா எடுக்கிறது?"

"ட்யூப்லேர்ந்து எடுங்க" என்று வைத்துவிட்டாள்.

புகைப்படம் வந்தது. ஓவியர் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மகள் இதற்குமுன் அப்படிப் போனை வைத்ததில்லை.

அடுத்தது சட்டை. சம்பந்தி முதல் நாளிலிருந்து போட்டிருந்தது சந்தன நிறச் சட்டை. அதன் நிறம் தாடையில் ஏறலாம். வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொன்னார். வெள்ளைக்குப் பக்கத்தில் முகம் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. ஓவியருக்கு அது வியப்பில்லை. பக்கத்து நிறம் ஏமாற்றும், தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பழைய சட்டையையே போடச் சொன்னார். அது தொளதொளவென்று தொங்கியது.

"சட்டையை மாத்திட்டீங்களா?"

"அதேதான் சம்பந்தி."

அளவு சரிபார்க்க, நூலில் கட்டிய தூக்குக்குண்டைக் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டுப் பார்த்தார். சட்டைக் காலரைக் குறுகலாக வரைந்திருக்கிறோம். கன்னத்தை அகலமாக வரைந்திருக்கிறோம். கன்னம் ஒரு பிரஷ் அகலத்துக்கு உள்ளே போகவேண்டும். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு அளவுப் பிழை வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் திருத்தினார்.

சம்பந்தி முதுகைச் சொறிந்தார்.

"நாற்காலியில மூட்டைப்பூச்சி இருக்கோ?" என்றார் ஓவியர்.

"வீட்லயும் இருக்கு போலிருக்கு சம்பந்தி. அங்கயும் அரிக்குது."

நாற்காலியை வெயிலில் போட்டு, மருந்தடித்து, மறுபடி கோட்டுக்குள் வைத்தார்கள். அரிப்பு நிற்கவில்லை. மருந்து வாசனையில் ஓவியருக்குத் தலை சுற்றியது.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்காரர் தோற்றார். விரிப்புகள் காற்றில் அடிக்கும் சத்தம் தாங்கவில்லை, வீட்டுக்குள் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை என்றார். ஒரே நாளில் சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டார். விரிப்புகளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இப்ப உங்க சம்பந்தி எப்படி இருக்கார்னு பாருங்க. இதுக்கு மேல என்னால முடியாது."

சனிக்கிழமை காலை ஓவியர் கறுப்புத் துணியைக் கழற்றினார். ஜன்னல் முழுக்கத் திறந்தது. சுத்தமான, சமமான வெளிச்சம். நாடாவின் மேல் நின்றார்.

மஞ்சள் அதிகமாகியிருந்தது.

கண்ணை இன்றைக்கென்று விட்டு வைத்திருந்தார். கண்தான் கடைசி. தட்டில் வெள்ளையை எடுத்தார். சம்பந்தியின் கண்ணைப் பார்த்தார். வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தார். போதவில்லை. இன்னும் கலந்தார். படத்தில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். சரியாக இருந்தது. துடைத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அதேதான் சரியாக இருந்தது.

சுவர் காரணமில்லை. துணியும் இல்லை. சட்டையும் இல்லை. மஞ்சள் மட்டும் இருந்தது.

சமையலறைக்குப் போய் நின்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் போகலையா?"

"போகல."

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாத மஞ்சள் உங்களுக்கு மட்டும் தெரியுது. கோளாறு சம்பந்தி முகத்துல இல்லங்க. உங்க கண்ணுல."

ஓவியர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பது வருடமாக ஒரே ஒரு கருவியை நம்பியிருந்தார். அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

கேன்வாஸை நீல விரிப்பில் சுற்றிக்கொண்டார். தவறு எங்கே என்று டாக்டருக்குக் காட்ட வேண்டுமே. அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, கண்டிப்பா கோட்டை விட்டுக் காலை எடுக்காதீங்க. இதோ வந்துடறேன்."

"எனக்கென்ன, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றார் சம்பந்தி. கண்ணை மூடிக்கொண்டார்.

கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைக் கேட்டார். டார்ச் அடித்தார். சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார். மறுபடி டார்ச் அடித்தார்.

"உங்க வயசுல இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. நிறத்துல ஒரு பிழைகூட இல்ல."

ஓவியரின் முகம் வாடியது.

"நல்லாப் பாருங்கம்மா. ஏதாவது இருக்கும்."

"நல்லா இருக்குன்னு சொன்னா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க."

"கண் நல்லா இருந்தா கை போயிடுச்சுன்னு அர்த்தம். கைக்கு டாக்டர் கிடையாது." சுற்றியிருந்த படத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. என் பொண்ணு அந்த வீட்ல வாழணும்மா."

விரிப்பைப் பிரித்தார். படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தார். சொட்டு மருந்தால் அவருக்கே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகு குனிந்தார். படத்தில் இருந்த கண்ணுக்கு டார்ச் அடித்தார்.

"இதுல நீங்க பார்த்ததைத்தானே வெச்சிருக்கீங்க?"

"அதுதான்மா கோளாறே."

"அழகுக்குன்னு எதையும் கூட்டல?"

"ஒரு பொட்டுகூட இல்ல."

"கண்ணோட வெள்ளை?"

"துடைச்சுத் துடைச்சு வெச்சேன். திரும்பத் திரும்ப அதே மஞ்சள்தான் வருது."

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

"இவரை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்க?"